முழு எலியும் ஒரு துண்டுக் கறியும்

வீட்டுப் பூனையின் முன்னோர், வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் இன்றும் வாழ்கிற ஒரு காட்டுப்பூனை இனம். மனிதன் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கியதும் கிடங்குகளில் எலி பெருகியது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டை 2004-இல் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். மனிதனோடு இதேபோல் நீண்ட உறவு கொண்ட நாயின் உடல் அவனுடைய மீந்த சோற்றுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு அதற்குப் பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. பூனைக்கு அப்படி ஒன்று நேரவில்லை. எலியும் பல்லியும் சிறு பறவையும் பூச்சியும் தின்று வாழ்ந்த அதே உடலோடுதான் அது நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறது. ஆகவே பூனைக்கு விலங்குணவு கட்டாயம் என்று சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். அதிலிருந்து ஒரு தாவு தாவி, கறிக்கடையில் வாங்கிய எலும்பில்லாத கோழிக்கறியை அல்லது சந்தையில் வாங்கிய மத்தியை, வேகவைத்தோ பச்சையாகவோ நாள்தோறும் போட்டால் அதுவே நிறைவான உணவு என்று முடிவு செய்யும்போதுதான் பிழை நேர்கிறது. பூனை காலங்காலமாகத் தின்றது முழு விலங்கை. நாம் தட்டில் வைப்பது அந்த விலங்கின் ஓர் உறுப்பை, பெரும்பாலும் தசையை மட்டும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை அளந்து பார்த்தால், பச்சையா வேகவைத்ததா என்று நடக்கும் சண்டை எவ்வளவு இரண்டாம்பட்சமானது என்பதும் விளங்கும்.

எலியைப் பிடித்த பூனை தலையிலிருந்து தொடங்கி எலும்பு, ஈரல், இதயம், மூளை, இரத்தம் எல்லாவற்றையும் உண்கிறது. சில சமயம் இரைப்பையையும் வாலையும் மட்டும் விட்டுவிடும். எலும்பிலிருந்து அதற்குக் கால்சியம் கிடைக்கிறது. ஈரல் வைட்டமின் ஏ தருகிறது. இதயத்திலும் மூளையிலும் டாரின் நிறைய உண்டு. இரத்தத்தில் இரும்பும் சோடியமும், கழுத்தில் இருக்கும் சின்னஞ்சிறு தைராய்டு சுரப்பியில் அயோடினும் இருக்கின்றன. வீட்டாரின் உணவை நம்பாமல் வேட்டையாடி வாழும் பூனைகளின் இரையை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஒரு கணக்கீடு, அவை பெறும் ஆற்றலில் 52 சதவீதம் புரதத்திலிருந்தும் 46 சதவீதம் கொழுப்பிலிருந்தும் வெறும் 2 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் வருவதாகக் காட்டியது. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் கறியும் கொழுப்பும் போதும் என்றே நினைப்பார். புரதம், கொழுப்பு என்ற இரண்டு பெரிய தலைப்புகளுக்குக் கீழே மில்லிகிராம் கணக்கில் இருப்பவைதான் பூனையின் உயிரைத் தீர்மானிக்கின்றன.

முதலில் கால்சியம். எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம் இருந்தால், பாஸ்பரஸ் அதைப்போலப் பதினைந்து, இருபது மடங்கு இருக்கும். ஈரலில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் மோசம். பூனையின் உடலோ இவ்விரண்டும் ஏறத்தாழச் சம அளவில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் இயங்காது. அதனால் பாராதைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைச் சுரந்து எலும்பைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. வளர்ந்த பூனையிடம் இதன் விளைவு தெரியப் பல மாதங்கள் ஆகலாம். குட்டியிடம் சில வாரங்களே போதும். முதலில் குதிக்கத் தயங்கும், தொட்டால் கத்தும், நொண்டும். பிறகு மேசையிலிருந்து இறங்கும் சாதாரண அசைவிலேயே கால் எலும்பு முறியும், முதுகெலும்பு வளையும். 1950-களிலும் 60-களிலும் லண்டனில் பூனையின் ஊட்டத் தேவையை முறையாக ஆராய்ந்த பாட்ரிசியா ஸ்காட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும், இறைச்சி மட்டும் தின்று வளரும் பூனைகளுக்குக் கால்சியத்தோடு அயோடினும் குறைகிறது என்பதை 1961-இல் எழுதினார்கள். நல்ல கறி, விலை உயர்ந்த கறி, கொழுப்பு நீக்கிய கறி என்று அன்போடு தேர்ந்தெடுத்து ஊட்டப்பட்ட குட்டிகளே இந்த நோய்க்குப் பெரிதும் ஆளாகின்றன என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. வறுமையில் விடப்பட்ட தெருக்குட்டி எலும்பைக் கடித்தாவது ஓரளவு தப்பித்துக்கொள்கிறது.

இரண்டாவது, பூனையின் உடல் தானே செய்துகொள்ள மறந்துபோன வேதிப்பொருள்களின் வரிசை. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றும், பூனையால் முடியாது. வெயிலில் நின்றால் நம் தோல் வைட்டமின் டி செய்யும். பூனை நாள் முழுக்க வெயில் காய்ந்தாலும் அதன் தோல் தேவையான அளவு செய்வதில்லை. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நயாசினை உருவாக்கவும் அதற்கு வராது. தாவர எண்ணெயிலிருந்து அரக்கிடோனிக் அமிலத்தைப் போதுமான அளவு உருவாக்க அதனால் இயலாது என்பது 1975-இல் தெரிந்தது. அர்ஜினின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு போதும், சில மணி நேரத்தில் பூனையின் இரத்தத்தில் அம்மோனியா ஏறி அது நோயில் விழுவதை 1978-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மோரிஸ், ரோஜர்ஸ் இருவரும் காட்டினார்கள். இனிப்புச் சுவையை அறியும் மரபணுகூடப் பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. இவற்றையெல்லாம் குறைகள் என்று நான் எண்ணவில்லை. இரையிலேயே எல்லாம் தயாராகக் கிடைத்தபோது, அவற்றைச் செய்யும் கருவிகளை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அந்த உடலுக்கு இல்லாமல் போனது. ஆனால் கருவி இல்லாத உடல், இரையில் ஒன்று குறைந்தாலும் ஈடுசெய்ய வழியற்று நிற்கும்.

இதற்கு டாரினை விடச் சிறந்த சான்று இல்லை. 1827-இல் காளையின் பித்தநீரிலிருந்து டீடமானும் கிமெலினும் பிரித்தெடுத்த இந்தச் சிறிய மூலக்கூறு, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் யாருக்கும் பெரிய பொருளாகத் தோன்றவில்லை. 1975-இல் ஹேய்ஸும் சகாக்களும், பால் புரதமான கேசினை மட்டும் புரதமாகப் பெற்ற பூனைகளின் விழித்திரை சிதைவதைக் கண்டு, காரணம் டாரின் குறைவு என்று நிறுவினார்கள். நம் உடலும் நாயின் உடலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களிலிருந்து டாரினைச் செய்துகொள்ளும். பூனையிடம் அதற்கான நொதி மிகவும் மந்தம். அதோடு பித்த அமிலங்களைப் பூனை டாரினோடு மட்டுமே இணைத்து வெளியேற்றுவதால் நாள்தோறும் குடல் வழியாகக் கொஞ்சம் இழந்துகொண்டே இருக்கிறது. வரவு குறைவு, செலவு நிற்காது. கண் ஒரு பக்கம் இருக்க, இன்னும் பெரிய செய்தி 1987-இல் வந்தது. இதயத்தசை தளர்ந்து, அறைகள் விரிந்து இறந்துகொண்டிருந்த பூனைகள் பலவற்றின் இரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதை டேவிஸைச் சேர்ந்த பால் பியோனும் கிட்டில்சன், ரோஜர்ஸ், மோரிஸ் ஆகியோரும் கண்டார்கள். டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் மீண்டது. மீளாது என்று கருதப்பட்ட ஒரு நோய், ஒரு சத்தின் பற்றாக்குறையாக மாறியது அன்றுதான். இந்தக் கதையில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: அந்தப் பூனைகளில் பல, கடையில் விற்ற தயாரிப்பு உணவை உண்டவை, அதில் அந்நாளைய பரிந்துரைப்படி போதுமான டாரின் இருந்தது. பதப்படுத்தும் விதம் குடல் நுண்ணுயிர்களின் போக்கை மாற்றி, டாரினை அவை அதிகமாகச் சிதைக்க வழிவிட்டது பின்னரே தெரிந்தது. அதன்பின் தயாரிப்பாளர்கள் அளவை உயர்த்தினார்கள். அந்த இதய நோய் வெகுவாகக் குறைந்தது.

இங்கே பச்சை இறைச்சிக்காக வாதாடுவோர் எப்போதும் எடுத்து வைக்கும் ஒரு சான்றைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் மன்ரோவியா நகரில் காசநோய் விடுதி நடத்திய மருத்துவக் குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் பாட்டெஞ்சர், 1932 முதல் 1942 வரை சுமார் 900 பூனைகளை வைத்துச் சோதனை செய்தார். பச்சை இறைச்சியும் பச்சைப் பாலும் மீன் எண்ணெயும் உண்ட பூனைகள் தலைமுறை தலைமுறையாக நலமாக இருந்தன. சமைத்த இறைச்சி உண்டவை பார்வை குன்றி, எலும்பு மெலிந்து, சில தலைமுறைகளில் இனம் பெருக்கவே முடியாமல் போயின. நெருப்பு உணவின் உயிரைக் கொல்கிறது என்று இதற்குப் பொருள் சொல்லி மனிதர்களுக்கும் பச்சை உணவைப் பரிந்துரைத்தவர்கள் உண்டு. ஆனால் பாட்டெஞ்சர் சோதனை செய்த காலத்தில் டாரின் பூனைக்குக் கட்டாயம் என்று உலகில் எவருக்கும் தெரியாது. அவரும் அதை அளக்கவில்லை. டாரின் நீரில் எளிதாகக் கரையும். கறியை நிறைய நீரில் கொதிக்கவைத்து நீரைக் கொட்டிவிட்டால் டாரினில் பெரும்பங்கு நீரோடு போய்விடும். அதே நீரைக் கறியோடு சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் தங்கிவிடும். அவருடைய சமைத்த கறிக் கூட்டத்தில் தெரிந்த பார்வைக் குறையும் இனப்பெருக்கத் தோல்வியும் டாரின் இல்லாத பூனையிடம் நாம் இன்று காணும் அறிகுறிகளே. ஆகவே அந்தச் சோதனை நமக்கு நிரூபிப்பது, ஒரு சத்து குறைந்த உணவில் பூனை தலைமுறை கடந்து வாழாது என்பதை. அந்தச் சத்தைச் சேர்த்துவிட்டால் அடுப்பு குற்றவாளி ஆகாது.

மீனுக்கு வருவோம். பூனையும் மீனும் பிரிக்கமுடியாத இணை என்று நம் கதைகளும் படங்களும் பழக்கியிருக்கின்றன. பூனை மீனை விரும்புவதும் உண்மைதான். ஆனால் அதன் வறள்நில முன்னோருக்கு மீன் அன்றாட இரையாக இருந்ததில்லை. கெண்டை குடும்பத்திலும், மத்தி, நெத்திலி சார்ந்த இனங்களிலும் பல மீன்களின் பச்சை உடலில், குறிப்பாகக் குடலில், தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1 ஆகிய தயமினைச் சிதைத்துவிடும். 1930-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் நரிப் பண்ணையில் பச்சை மீன் தின்ற நரிகள் கால் இழுத்து விழுந்து இறந்ததிலிருந்து இந்த உண்மை வெளிப்பட்டது. அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். பூனைக்குத் தயமின் தேவை அதிகம், சேமிப்போ குறைவு. பற்றாக்குறை வந்தால் முதலில் பசி போகும். பிறகு தலை மார்பை நோக்கி வளைந்து தொங்கும், கண்மணி விரியும், தள்ளாடும், வலிப்பு வரும். சரியான நேரத்தில் தயமின் ஊசி போட்டால் வியக்கும் வேகத்தில் எழுந்துவிடும்; தாமதித்தால் இறந்துவிடும். மீனை நன்றாக வேகவைத்தால் தயமினேஸ் அழியும், ஆகவே இந்த ஒரு விஷயத்தில் சமைப்பதே பாதுகாப்பு. வெப்பம் தயமினையும் ஓரளவு அழிக்கும் என்பதால், வேகவைத்த மீன் மட்டுமே உணவானாலும் கணக்கு முழுதாகச் சரியாவதில்லை. சூரை போன்ற எண்ணெய் மிக்க மீனை மட்டுமே தின்ற பூனைகளுக்கு வேறொரு துன்பம் வரும். அந்த எண்ணெயின் நிறைவுறாத கொழுப்பு ஆக்சிஜனால் கெடாமல் காக்க வைட்டமின் ஈ நிறைய வேண்டும். அது இல்லாதபோது தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மஞ்சளாகி வீங்கி, முதுகை வருடினாலே பூனை வலியில் கத்தும். 1950-களிலேயே இது விவரிக்கப்பட்டுவிட்டது. மீன் சுவையில் மயங்கிய பூனை வேறெதையும் தொடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் இந்த நோயைத் தீவிரமாக்குகிறது.

குறைவைப் போலவே மிகுதியும் கொல்லும். ஈரலில் சத்து அதிகம் என்று அறிந்தவர் அதையே நாள்தோறும் போடத் தொடங்கினால், பூனை வெளியேற்ற முடியாத வைட்டமின் ஏ அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகும். 1960-களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சீரைட், இங்கிலீஷ் ஆகிய ஆய்வாளர்கள், ஈரல் உணவில் வளர்ந்த பூனைகளின் கழுத்து எலும்புகள் புதிய எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் காட்டினார்கள். அப்படிப்பட்ட பூனையால் தலையைத் திருப்பி உடலை நக்கிச் சுத்தம் செய்ய இயலாது. எலியின் ஈரல் எலியின் அளவுக்குத்தான் இருக்கும்; அந்த விகிதத்தில்தான் முழு இரையின் நன்மை அடங்கியிருக்கிறது.

இதற்கெல்லாம் எதிராக உடனே எழும் கேள்வி நியாயமானது. மீன்பிடித் துறைமுகத்தில் செவுளும் குடலும் தின்று கொழுத்துத் திரியும் பூனைகள் இல்லையா? நம் பாட்டிமார் மீன் தலையும் சோறும் போட்டு வளர்த்த பூனைகள் பல ஆண்டுகள் வாழவில்லையா? வாழ்ந்தன. அவற்றின் முழு உணவும் நாம் போட்டதன்று. இரவில் எலி, ஓணான், பல்லி, கரப்பான், குருவி என்று பாதிக் குறையைத் தாங்களே நிரப்பிக்கொண்டன. அவை தின்ற மீனிலும் தலையும் முள்ளும் உள்ளுறுப்பும் இருந்தன; அது முழு இரைக்கு ஓரளவு நெருக்கம். அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்தில் சன்னலுக்கு வலை அடித்து வளர்க்கப்படும் பூனைக்கு நாம் தட்டில் வைப்பதைத் தவிர வேறு உலகம் இல்லை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது: உயிரோடு உலாவும் பூனைகளைத்தான் நாம் எண்ணுகிறோம். கண் குருடாகி வண்டியில் அடிபட்டதையும், காரணம் தெரியாமல் ஒரு மூலையில் சுருண்டு இறந்த குட்டிகளையும் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. டாரின் குறைவு கண்ணில் வெளிப்படப் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். ஆறு மாதம் கறி போட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது என்ற சாட்சியம் எதையும் நிரூபிப்பதில்லை.

பச்சையாகக் கொடுப்பதில் இன்னொரு அபாயம், சத்துக்கு அப்பால், கிருமிகளிடம் இருக்கிறது. பூனையின் குடல் குறுகியது, இரைப்பை அமிலம் கடுமையானது, கிருமி அதை ஒன்றும் செய்யாது என்பார்கள். பூனை நோயின்றிச் சால்மோனெல்லாவைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் கழிவு வழியாக அது வீட்டுக் குழந்தைக்கும் முதியவருக்கும் வந்து சேரும். பச்சைக் கறியிலிருந்து டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பெற்ற பூனை ஓரிரு வாரங்கள் அதன் முட்டைகளைக் கழிவில் வெளியேற்றும். கருவுற்ற பெண்ணுக்கும் அவர் வயிற்றுச் சிசுவுக்கும் அது ஆபத்து. எச்5என்1 பறவைக் காய்ச்சலோ பூனையையே கொல்கிறது. 2004-இல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் பச்சைக் கோழி தின்ற புலிகளுள் 147 இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. 2023-இல் போலந்திலும், 2024 இறுதியில் அமெரிக்காவின் ஓரிகனில் பச்சை வான்கோழி உணவு தின்றும் வீட்டுப் பூனைகள் இந்த வைரஸுக்குப் பலியாயின. அதே ஆண்டு டிசம்பரில் நாக்பூர் விலங்கு மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்து, அதே வைரஸ் என்பது உறுதியானது. உறைய வைத்துக் கொடுக்கிறோமே என்பது அடுத்த பதில். கடும் உறைவு டாக்சோபிளாஸ்மாவைப் பெரும்பாலும் அழிக்கும். சால்மோனெல்லாவையும் பறவைக் காய்ச்சல் வைரஸையும் அது கெடாமல் காத்து வைக்கும்.

பொட்டல உணவு மட்டும் யோக்கியமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1987-இன் கதை அதன் தவறுதான். 2007-இல் மெலமின் கலந்த மூலப்பொருள் வட அமெரிக்காவில் எத்தனையோ பூனைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததும் உண்மை. தானியம் சேர்ப்பதும் குறையாகச் சொல்லப்படுகிறது. வேகவைத்த மாவுச்சத்தைப் பூனை நன்றாகவே செரிக்கிறது, அதற்கு அது தேவையில்லை என்பது மட்டுமே உண்மை. ஆனால் தொழிற்சாலை செய்த தவறு பல்லாயிரம் பூனைகளிடம் ஒரே மாதிரி தெரிந்ததால்தான் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. வீட்டுச் சமையலறையின் தவறு ஒரே பூனையிடம் மௌனமாக நிகழ்கிறது. நூல்களிலும் இணையத்திலும் கிடைக்கும் 114 வீட்டுச் சமையல் குறிப்புகளை டேவிஸ் ஆய்வாளர்கள் பகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். பூனைக்கு வேண்டிய எல்லாச் சத்தையும் தேவையான அளவு தந்தது ஒன்றுகூட இல்லை.

வீட்டுச் சமையலே கூடாது என்று நான் சொல்லவில்லை. முடியும், அதற்குக் கறியோடு கால்சியம், டாரின், அயோடின், வைட்டமின்கள் ஆகியவற்றை நிறுத்துச் சேர்க்கும் குறிப்பு வேண்டும். அதை விலங்கு ஊட்டவியல் கற்ற கால்நடை மருத்துவர் உங்கள் பூனையின் எடையும் வயதும் பார்த்து எழுதித்தர வேண்டும். எழுதியதை விட்டு விலகக்கூடாது. அது இயலாவிட்டால், நிறைவான உணவு என்று குறிக்கப்பட்டதை அடிப்படையாக வைத்து, வேகவைத்த கறியோ மீனோ ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கொடுக்கலாம். அது முள்ளும் எலும்பும் நீக்கியதாக, உப்பு, வெங்காயம், பூண்டு படாததாக இருக்கட்டும். குழம்பு மீன் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. கருவாட்டின் உப்பும் அதற்கு ஒவ்வாது. வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள், கறியோடு ஊற்றுங்கள். குட்டிக்கும் சினைப்பூனைக்கும் வெறும் கறி ஒருபோதும் முழு உணவாகக் கூடாது.

மாதக்கணக்கில் வெறும் கறியிலோ மீனிலோ வளர்ந்த பூனை உங்களிடம் இருந்தால், திடீரென உணவை மாற்றிப் பட்டினி போடாதீர்கள். சில நாள் பூனை உண்ணாமல் இருந்தாலே அதன் ஈரல் கெடும். புதியதைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஓரிரு வாரத்தில் மாற்றுங்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அதன் கண்ணையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், இந்த வாரமே. டாரின் குறைவால் தளர்ந்த இதயம் காலத்தில் கண்டால் பெரும்பாலும் தேறும். சிதைந்த விழித்திரை தேறுவதில்லை.